கட்டியா, டி.பி.யா? கம்ப்யூட்டரிடம் கேட்பதற்கு முன்...

பி.காம். படிக்கிறவனுக்கும் முதுகெலும்பு ஸ்கேனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை. ஆனால் மெஷின் லேர்னிங் என்று இன்றைக்கு எல்லோரும் பேசுகிற சமாச்சாரம், மேலே பூசியிருக்கிற பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால், ஒரு கணக்குப் புத்தகம்தான். யாருடைய கணக்கு, யார் எழுதியது, யார் சரிபார்த்தது என்று கேட்கத்தான் எங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

2022-ல் ஒரு செய்தி வந்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் வரும் புற்றுக்கட்டிகளைக் கண்டுபிடிக்க ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஒரு மெஷின் லேர்னிங் கருவி செய்திருக்கிறது என்று. தலைப்பை மட்டும் படித்தால், ஸ்கேன் படத்தைக் கொடுத்ததும் இது இன்ன கட்டி என்று சொல்லிவிடும் போலிருக்கிறதே என்றுதான் தோன்றும். உள்ளே படித்தால் அது ஸ்கேனையே பார்ப்பதில்லை. பேராசிரியர் மைக்கேல் குரோமிஹாவின் குழு செய்த அந்தக் கருவியின் பெயர் 'ஜி.பி.எம். டிரைவர்'. கிளியோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் கட்டியில் மரபணு மாற்றங்கள் ஏராளமாக இருக்கும். அவற்றில் எது கட்டியை வளர்க்கிற மாற்றம், எது சும்மா கூட வந்த மாற்றம் என்று பிரிப்பது இதன் வேலை. (பஸ்ஸில் டிரைவர் யார், பயணி யார் என்று பிரிப்பது மாதிரி. பெயரே அங்கிருந்து வந்ததுதான்.) 9,386 டிரைவர் மாற்றங்களையும் 8,728 பயணி மாற்றங்களையும் ஆராய்ந்து செய்திருக்கிறார்கள். நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் ஸ்கேனைப் பார்த்துக் கட்டியைப் பிரிக்கும் கருவி வேறு கதை. நான் பேச வந்தது அந்தக் கதையைத்தான்.

வெளிநாட்டில் என்ன செய்திருக்கிறார்கள்?

முதுகெலும்புப் பகுதியில் வரும் கட்டிகளை டாக்டர்கள் இருக்கும் இடத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். தண்டுவடத்துக்கு உள்ளேயே வருபவை ஒரு வகை: எபெண்டிமோமா, ஆஸ்ட்ரோசைட்டோமா போன்றவை. தண்டுவடத்துக்கு வெளியே, ஆனால் அதைச் சுற்றியிருக்கும் உறைக்குள் வருபவை இரண்டாவது: ஷ்வான்னோமா, மெனிஞ்சியோமா. உறைக்கும் வெளியே, எலும்பில் வருபவை மூன்றாவது. இந்த மூன்றாவதில் பெரும்பாலும் வேறு எங்கோ, நுரையீரலிலோ மார்பகத்திலோ பிராஸ்டேட்டிலோ, தொடங்கிய புற்றுநோய் பரவி வந்து முள்ளெலும்பில் உட்கார்ந்திருக்கும்.

ஜப்பானில் சிபா பல்கலைக்கழகக்காரர்கள் ஷ்வான்னோமாவையும் மெனிஞ்சியோமாவையும் எம்.ஆர்.ஐ. படத்தில் பிரித்துச் சொல்ல ஒரு மெஷினைப் பழக்கி 2020-ல் வெளியிட்டார்கள். ரேடியாலஜிஸ்டுக்கு இணையாகச் சொன்னது. பழக்கியதும் சோதித்ததும் 84 நோயாளிகளை வைத்து. 2021-ல் பெய்ஜிங் ஆஸ்பத்திரி ஒன்றின் படங்களை வைத்து, கனடாவின் மான்ட்ரியலில் உள்ளவர்களும் சேர்ந்து, தண்டுவடத்துக்குள் வரும் மூன்று வகைக் கட்டிகளைப் படத்தில் கோடு போட்டுக் காட்டும் மெஷினைச் செய்தார்கள். 343 நோயாளிகள். 2018-ல் கொரியாவில் கட்டி இல்லாமல் வேறு ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டார்கள்: முதுகெலும்பு டி.பி.யா, வேறு கிருமியால் சீழ் பிடித்ததா என்று பிரிக்க. 80 டி.பி. நோயாளிகள், 81 சீழ் நோயாளிகள், மொத்தம் 161.

84, 343, 161. இந்த எண்களைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். இப்போதைக்கு வேறொன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னால் வைக்கப்பட்ட கேள்வி என்ன? 'அ'வா 'ஆ'வா? நம் பப்ளிக் பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி மாதிரி. 'இவற்றில் எதுவும் இல்லை' என்ற விடை பெரும்பாலும் இருக்காது. மெனிஞ்சியோமாவையும் ஷ்வான்னோமாவையும் மட்டும் பார்த்து வளர்ந்த மெஷினிடம் ஒரு டி.பி. படத்தைக் கொடுத்தாலும் அது இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்லும். அதுவும் 93 சதவீதம் நிச்சயம் என்கிற மாதிரி ஒரு எண்ணோடு சொல்லும்!

நம் ஊர்க் கேள்வி அது இல்லை

பொழிச்சலூரிலிருந்து பல்லாவரம் போய் ரயிலேறினால், குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். தினமும் எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொல்லி இறங்குகிறோம். அந்த ஸ்டேஷனுக்கே பெயர் கொடுத்தது ஒரு காசநோய் ஆஸ்பத்திரி. டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கினார். 1937-ல் அரசு வாங்கியது. நல்ல காற்றும் ஓய்வும் இருந்தால் டி.பி. குணமாகும் என்று நம்பிய காலம். இன்றைக்கும் அது நெஞ்சக நோய் அரசு மருத்துவமனையாக நடக்கிறது.

டி.பி. என்றால் இருமல், நுரையீரல் என்றுதான் நமக்கு நினைப்பு. அந்தக் கிருமி ரத்தத்தில் ஏறி எலும்புக்கும் போகும். எலும்பிலும் மூட்டிலும் வருகிற டி.பி.யில் சுமார் பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. உலகத்தில் புதிதாக டி.பி. வருபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். ஆக, நம் ஊரில் ஒருவர் மாதக்கணக்கில் முதுகுவலி, எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல் என்று வந்து, எம்.ஆர்.ஐ.யில் ஒரு முள்ளெலும்பு அரித்துப் போயிருந்தால், டாக்டர் முன்னால் நிற்கிற முதல் கேள்வி ஷ்வான்னோமாவா மெனிஞ்சியோமாவா என்பதில்லை. டி.பி.யா, பரவி வந்த புற்றுநோயா என்பதுதான்.

பாடப்புத்தகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெளிவாக இருக்கிறது. டி.பி. பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து முள்ளெலும்புகள் இரண்டை, நடுவில் இருக்கும் டிஸ்க்கை ஒட்டிய ஓரத்திலிருந்து அரிக்கத் தொடங்கும். எலும்புக்குப் பக்கத்தில் சீழ் கட்டி நிற்கும். புற்றுநோய் பரவினால் டிஸ்க்கை விட்டுவிட்டு எலும்பை மட்டும் தின்னும். முன்பக்க உடலிலிருந்து பின்பக்க வளைவுக்குப் போகிற 'பெடிக்கிள்' என்ற தூணைப் பிடிக்கும். எக்ஸ்-ரேயில் முள்ளெலும்பு ஆந்தை முகம் மாதிரி, இரண்டு பெடிக்கிளும் இரண்டு கண் மாதிரித் தெரியும். ஒன்று அரித்துப் போனால் ஆந்தை ஒற்றைக் கண்ணைச் சிமிட்டுகிற மாதிரி இருக்கும். டாக்டர்களே அதை 'கண்ணடிக்கும் ஆந்தை' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் நோய்க்குப் பாடப்புத்தகம் தெரியாதே. டி.பி. சிலருக்கு ஒரே ஒரு முள்ளெலும்பில் வரும், டிஸ்க்கைத் தொடாது, பின்பக்க வளைவைப் பிடிக்கும். படத்தில் அச்சு அசல் புற்றுநோய். அப்போது ஊசி போட்டுத் துளித் திசு எடுத்து பயாப்ஸி பார்ப்பதும், டி.பி. கிருமியின் மரபணு இருக்கிறதா என்று டெஸ்ட் பண்ணுவதும்தான் வழி.

எங்கள் உறவில் ஒரு பெரியம்மாவுக்கு வந்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரி இதுதான்: காசநோயாக இருக்கலாம், பரவிய புற்றுநோயாகவும் இருக்கலாம், பயாப்ஸியுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும். அந்த வரிக்கும் பயாப்ஸி ரிசல்ட்டுக்கும் நடுவே போன பத்து நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் டி.பி. என்று வந்தது. டி.பி. என்று கேள்விப்பட்டு ஒரு குடும்பமே சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு மாத்திரை. இப்போது அவரே குடம் தூக்குகிறார். ரிப்போர்ட் எழுதியவர் மேல் எனக்குக் குறை இல்லை. தெரியாததைத் தெரியாது என்று நேர்மையாக எழுதியிருந்தார். என் குறை வேறு. பயாப்ஸியில் என்ன வந்தது என்று அந்த ஸ்கேன் சென்டருக்குப் போய் யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. தான் போட்ட கேள்விக்குறிக்கு விடை என்ன என்று அந்த ரேடியாலஜிஸ்டுக்கு இன்றுவரை தெரியாது.

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். கொஞ்சம் சுற்றி வந்து விளக்குகிறேன்.

தப்பாகச் சொன்னால் என்ன நஷ்டம்?

எந்தத் தப்புக்கு என்ன விலை என்று தெரியாமல் மெஷினின் மார்க்கைப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

1970-களில் சென்னையில் முதுகெலும்பு டி.பி.க்கு ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி மையமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து. 304 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பெரிய ஆபரேஷன், கூட 6 மாதம் மாத்திரை. இரண்டாவது பிரிவுக்கு ஆபரேஷன் இல்லை, 6 மாதம் மாத்திரை மட்டும், நடமாடிக்கொண்டே. மூன்றாவதுக்கு அதே மாத்திரை 9 மாதம். பத்து வருடம் கழித்து வந்த முடிவை 1999-ல் வெளியிட்டார்கள். நல்ல நிலையில் இருந்தவர்கள்: ஆபரேஷன் பிரிவில் 90 சதவீதம், 6 மாத மாத்திரைப் பிரிவில் 94, 9 மாதப் பிரிவில் 99. (நடக்கவே முடியாத அளவு கால் செயலிழந்தவர்கள் இந்த ஆராய்ச்சியில் இல்லை. அவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம்.)

இதன் அர்த்தம் என்ன? டி.பி. என்று சரியாகத் தெரிந்தால், பெரும்பாலானவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையிலேயே குணம். அதைப் புற்றுநோய் என்று தப்பாகச் சொன்னால்? வேண்டாத ஆபரேஷன், கதிர்வீச்சு, விற்ற நகை. எதிர்ப்பக்கம் தப்பினால் இன்னும் மோசம். புற்றுநோயை டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை சாப்பிட்டால், அந்த மாதங்கள் திரும்பி வராது.

ஆக இரண்டு தப்புக்கும் இரண்டு விலை. ஆனால் மெஷினை விற்க வருபவர்கள் 'துல்லியம் 90 சதவீதம்' என்று ஒரே எண்ணைச் சொல்வார்கள். எங்கள் பாடத்தில் இருப்பாய்வு என்று ஒன்று உண்டு. பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் கூட்டினால் சமமாக வர வேண்டும். வந்துவிட்டால் கணக்கு சரியா? இல்லை! ஒரு தப்பு இன்னொரு தப்பை ஈடுகட்டியிருக்கலாம். ஈடுசெய் பிழைகள் என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. துல்லியம் என்கிற ஒற்றை எண்ணும் அப்படித்தான். கூட்டுத்தொகை அழகாக இருக்கும், உள்ளே எந்தப் பக்கம் ஓட்டை என்று தெரியாது.

அதே மெஷின், வேறு ஊர்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் கற்பனை, கணக்கு மட்டும் நிஜம். ஒரு மெஷின் 100 புற்றுநோயில் 90-ஐப் புற்றுநோய் என்றும், 100 டி.பி.யில் 90-ஐ டி.பி. என்றும் சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

டி.பி. குறைவான ஒரு ஊர். அங்கே 1,000 பேரில் 900 பேருக்குப் புற்றுநோய், 100 பேருக்கு டி.பி. மெஷின் 'புற்றுநோய்' என்று சொல்வது 810 சரியானவர்களையும் 10 தப்பானவர்களையும் சேர்த்து 820 பேரை. அதாவது 82 பேரில் ஒருவருக்குத்தான் தப்பு. பிரமாதம்!

இப்போது அதே மெஷினை டி.பி. அதிகமான ஊருக்குக் கொண்டு வருவோம். இங்கே 1,000 பேரில் 400 பேருக்குப் புற்றுநோய், 600 பேருக்கு டி.பி. மெஷின் 'புற்றுநோய்' என்று சொல்வது 360-ம் 60-ம் சேர்த்து 420 பேரை. இதில் 60 பேருக்கு டி.பி. அதாவது ஏழு பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று பொய்ச் செய்தி போகிறது. மெஷின் மாறவில்லை, ஒரு ஸ்க்ரூ கூடத் திருகவில்லை. ஊர்தான் மாறியது.

இது மெஷினின் படிப்பு நன்றாக இருந்தால் நடப்பது. படிப்பே கோளாறாக இருந்தால்? 2018-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வந்தது. நெஞ்சு எக்ஸ்-ரேயில் நிமோனியா கண்டுபிடிக்கப் பழக்கிய மெஷின், படம் எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தது. நிமோனியா அதிகமாக வருகிற ஆஸ்பத்திரியின் படம் என்று தெரிந்தால் நிமோனியா பக்கம் சாய்ந்தது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போனதும் மார்க் குறைந்தது. புத்திசாலிப் பையன் வாத்தியார் முகத்தைப் பார்த்து விடை சொல்கிற கதை.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். டி.பி. படங்களை எல்லாம் ஒரு அரசு ஆஸ்பத்திரியிலிருந்தும், கட்டிப் படங்களை எல்லாம் ஒரு தனியார் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்தும் வாங்கிப் பழக்கினால், மெஷின் முதுகெலும்பைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்கேன் மெஷினின் கம்பெனியைக் கண்டுபிடித்தால் போதும், நூற்றுக்கு நூறு! கொரோனா சமயத்தில் இப்படி எத்தனை மெஷின்கள் வந்தன. 2021-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக்காரர்கள் 62 ஆராய்ச்சிகளை எடுத்து அலசினார்கள். நோயாளியிடம் பயன்படுத்தத் தகுந்தது ஒன்று கூட இல்லை என்று முடித்தார்கள்.

கண்ணில் முடிந்தது முதுகில் ஏன் முடியவில்லை?

நம்மவர்களின் படங்களை வைத்து நன்றாகச் செய்த உதாரணமும் இருக்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்க கூகுள் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் அதில் உண்டு. பழக்கிய படங்கள் 1,28,175. ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு கண் டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து மார்க் போட்டார்கள்.

மேலே சொன்ன 84, 343, 161 எங்கே, 1,28,175 எங்கே! கண் படம் எடுக்கச் சில நிமிடம் போதும், முகாம் போட்டு ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். அதை விட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. விழித்திரைப் படத்தில் விடை படத்துக்குள்ளேயே இருக்கிறது. நாலு டாக்டர்களை உட்கார வைத்தால் விடையை எழுதிவிடலாம். முதுகெலும்பில் விடை படத்துக்குள் இல்லை. அது பயாப்ஸி பாட்டிலில் இருக்கிறது. படம் ஒரு துறையில், பாட்டில் இன்னொரு துறையில், பல நேரம் இன்னொரு ஆஸ்பத்திரியில்.

(அவ்வளவு படம் வைத்துச் செய்த கண் மெஷினையே தாய்லாந்து கிளினிக்குகளில் வைத்தபோது, வெளிச்சம் சரியில்லை என்று ஐந்தில் ஒரு படத்தை அது தள்ளிவிட்டது. 2020-ல் கூகுளே இதை வெளியிட்டது.)

சரிகட்டும் பட்டியல்

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் படித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது இந்நேரம் புரிந்திருக்கும். நம் ரொக்கப் புத்தகம் ஒரு இருப்பைச் சொல்லும், பேங்க் பாஸ்புக் இன்னொன்றைச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே ஏன் வித்தியாசம் என்று வரி வரியாக டிக் போட வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட் ரொக்கப் புத்தகம். பயாப்ஸி ரிப்போர்ட் பாஸ்புக். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து டிக் போடுவது யார் வேலை? பெரும்பாலும் யார் வேலையும் இல்லை. நோயாளி ஒரு மஞ்சள் பையில் ஃபிலிமையும் பேப்பரையும் போட்டு வீட்டு பீரோ மேல் வைத்துவிடுகிறார். மெஷினுக்குப் பாடம் அந்தப் பையில்தான் இருக்கிறது.

இதைச் செய்ய முடியாது என்று சொல்பவர்களுக்குச் சென்னையின் பழைய கதை ஒன்று பதில் சொல்லும். மேலே சொன்ன 304 பேர் ஆராய்ச்சியின் நோயாளிகளில் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களில் 61 பேரின் எக்ஸ்-ரேக்களை 15 வருடம் வரிசையாகத் தொடர்ந்து பார்த்து, கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். டி.பி. குணமான பிறகும் சில குழந்தைகளுக்கு மட்டும் வளர வளர முதுகு கூன் விழுந்துகொண்டே போகும். யாருக்கு விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஆரம்ப எக்ஸ்-ரேயிலேயே தெரியும் நான்கு அடையாளங்களை அவர் எடுத்துக் கொடுத்தார். இன்றைக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள், மெஷின் லேர்னிங் செய்வதும் இதுதானே? முதல் படத்தையும் கடைசி விடையையும் ஜோடி சேர்த்து, எந்த அடையாளம் எந்த விடைக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பது. கம்ப்யூட்டர் இல்லாமல் 61 குழந்தைகளை வைத்து முடிந்தது. ஏன் முடிந்தது என்றால், அந்த எக்ஸ்-ரேக்களை யாரோ ஒரு கிளார்க்கும் நர்ஸும் 15 வருடம் தொலைக்காமல் வைத்திருந்தார்கள். வீடு மாறிப் போனவர்களையும் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள்.

அதனால் நான் என்ன சொல்கிறேன்?

1. அரசு ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. சென்டர்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிறது. படங்கள் ஏற்கெனவே ஒரு குடையின் கீழ் இருக்கின்றன. முதுகெலும்புப் படம் ஒவ்வொன்றுக்கும் பயாப்ஸி விடையையும், ஆறு மாதம் கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்பதையும் ஒரே நம்பரில் சேர்க்க வேண்டும். பெயரை எடுத்துவிட்டு, நோயாளியிடம் புரியும்படி தமிழில் சொல்லி, சம்மதம் கேட்டு. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாகிவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் மரியாதை.

2. மெஷினின் விடைப் பட்டியலில் டி.பி. இருக்க வேண்டும். 'தெரியவில்லை, பயாப்ஸி பாருங்கள்' என்பதும் ஒரு விடையாக இருக்க வேண்டும்.

3. பழக்கிய ஆஸ்பத்திரியிலேயே சோதிக்கக் கூடாது. கம்பெனியின் கணக்கை எழுதியவரே ஆடிட்டராக முடியாது என்று கம்பெனிச் சட்டமே சொல்கிறது. சென்னையில் பழக்கினால் மதுரையிலோ திருநெல்வேலியிலோ சோதிக்கட்டும்.

4. ஒற்றைத் துல்லிய எண் வேண்டாம். புற்றுநோயை டி.பி. என்றது எத்தனை, டி.பி.யைப் புற்றுநோய் என்றது எத்தனை என்று இரண்டையும் தனித்தனியாக வெளியிட வேண்டும்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. இதெல்லாம் முடிய வருடக்கணக்காகும், அதற்குள் எத்தனை பேர் ரிப்போர்ட்டுக்காகக் காத்துக்கிடப்பார்கள், அரைகுறை மெஷினாவது இருந்தால் நல்லதுதானே என்று. இதில் பாதி நியாயம் இருக்கிறது. ஸ்கேன் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு, வரிசை நீளம். அதனால் வரிசையைப் பிரிக்கிற வேலைக்கு மெஷினை இப்போதே பழக்கிச் சோதிக்கத் தொடங்கலாம். தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா இல்லையா என்பதற்கு விடை படத்திலேயே இருக்கிறது. நசுங்கியிருந்தால் அந்தப் படத்தை வரிசையின் முதலில் தூக்கி வைக்கட்டும், டாக்டர் உடனே பார்க்கட்டும். அதில் தப்பு வந்தால் பெரும்பாலும் வரிசை மாறும், அவ்வளவுதான். எல்லாப் படத்தையும் எப்படியும் மனிதர் பார்க்கிறார். நெஞ்சு எக்ஸ்-ரேயில் டி.பி. சலித்தெடுக்க கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னதும் இந்த மாதிரிதான். சந்தேகப்படுபவர்களைப் பிரித்துவிட்டு, சளிப் பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும். சலிப்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. இது இன்ன நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு இன்றைய மெஷின் வரக் கூடாது என்பது என் கருத்து.

டி.பி. நோயாளியை சானடோரியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று உலகமே நம்பியபோது, வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-ல் நிரூபித்தது இதே சென்னைதான். பெரிய மெஷின் எதுவும் வைத்து இல்லை. யாருக்கு என்ன கொடுத்தோம், கடைசியில் என்ன ஆனது என்று ஒழுங்காக எழுதி வைத்து. அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டு வந்தால் மெஷின் பின்னாலேயே வரும். ஏ.ஐ. வாங்க டெண்டர் விடுவதற்கு முன்னால், ஸ்கேனையும் பயாப்ஸியையும் பக்கத்தில் வைத்து டிக் போடும் ஒரு சின்ன அலுவலகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு பி.காம். பட்டதாரிகளும் போதும்.

(வேலைக்கு அப்ளிகேஷன் போடுகிறான் என்று நினைக்க வேண்டாம். நினைத்தாலும் பரவாயில்லை!)